சுண்டு விரல் மடங்காத கையும் ஓப்பன் ட்யூனிங்கும்: எனக்குப் போன 31,000 ரூபாய்

2022 ஜூலையில் ஒரு மழை நாள், திருச்சி தில்லை நகர்ப் பக்கம் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்தேன். இடது கை சுண்டு விரல் நடு மூட்டில் முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்து, ஆறு வாரம் கட்டுப் போட்டு, பிரித்துப் பார்த்தால் விரல் பாதிதான் மடங்கியது. “அன்றாட வேலைக்கு ஒன்றும் குறை வராதும்மா” என்றார் டாக்டர். அது உண்மைதான். சமைக்கலாம், டைப் அடிக்கலாம், வண்டி ஓட்டலாம். ஆனால் நான் பதினொரு வருடமாக ராக் கிட்டார் வாசிக்கிறவள், அதுவும் ரிதம், அதாவது பாட்டுக்குப் பின்னணியாகக் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) அடிக்கிறவள். எஃப் கார்டை நினைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், நடுவிரல் 3ஆவது கம்பியில் (மெல்லிய கம்பி 1, கனத்தது 6), மோதிர விரல் 5ஆவதில், சுண்டு விரல் 4ஆவதில். அந்தச் சுண்டு விரல் வராவிட்டால் பாதி பாட்டுகள் கையை விட்டுப் போய்விடும். கட்டுப் பிரித்த அன்று ராத்திரி கிட்டாரை மடியில் வைத்து, எஃப் பிடிக்கப் பார்த்து, முடியாமல், வீட்டில் யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

அப்போதுதான் ஓப்பன் ட்யூனிங் பற்றித் தேட ஆரம்பித்தேன். கம்பி எதையும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே ஒரு முழு கார்டு வருகிற மாதிரி கம்பிகளின் சுருதியை மாற்றி வைப்பதுதான் அது. வழக்கமான ட்யூனிங், மேற்கத்திய சுரப் பெயர்களில், கனத்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதையே டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்தால் ஓப்பன் ஜி. அப்புறம் ஒரே விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் எந்த ஃப்ரெட்டிலும் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோக மெட்டு) ஒரு மேஜர் கார்டு. கனடியப் பாடகி ஜோனி மிட்செலுக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது, அதனால்தான் அவர் இப்படி ட்யூனிங்குகளை மாற்றி மாற்றி வாசிக்கத் தொடங்கினார் என்று படித்தபோது எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஒரு விரல் போதும் என்றால் எனக்கு மூன்று நல்ல விரல் இருக்கிறதே!

அந்த நம்பிக்கையில் எந்த அவகாசமும் எடுக்காமல் குதித்தேன். திருச்சியில் ராக் கிட்டார் வாசிக்கிற, அதிலும் ஓப்பன் ட்யூனிங் தெரிந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. எல்லாம் தனியாகத்தான். 2022 அக்டோபரில் தொடங்கி 2024 பொங்கல் வரைக்கும் ஏறக்குறைய பதினைந்து மாதம், பணமாக 31,000 ரூபாய். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, அக்குஸ்டிக் கிட்டாரை ஓப்பன் ஈ-யில் வைத்தது. ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி) வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் அதில் வாசிப்பதைப் பார்த்திருந்தேன், பெயரும் பிடித்திருந்தது. ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. இதற்கு 5ஆவது, 4ஆவது கம்பிகளை ஒரு முழுச்சுரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) மேலே ஏற்ற வேண்டும், 3ஆவதை அரைச்சுரம் ஏற்ற வேண்டும். ‘ஏற்ற வேண்டும்’ என்ற வார்த்தையிலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரு கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஒரு முழுச்சுரம் ஏற்றினால் இழுப்பு சுமார் 26 சதவீதம் கூடும், அரைச்சுரத்துக்கு 12 சதவீதம். 12-53 கம்பி (மெல்லியதன் கனம் 0.012 அங்குலம், கனத்தது 0.053) போட்ட அக்குஸ்டிக்கில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏற்கெனவே 70 கிலோவுக்கு மேல் பிரிட்ஜை (கம்பிகளின் அடி முனையைப் பிடித்து நிற்கும் கட்டையை) இழுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இன்னும் எட்டு கிலோவுக்கு மேல் நான் ஏற்றி வைத்தேன்.

முதல் மூன்று வாரம் சொர்க்கம். வலது கையை ஓட்டினாலே அறை முழுக்க ஈ மேஜர் நிரம்பி நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக நான் மறுபடி கிட்டார் வாசிக்கிறவளாக ஆகிவிட்டேன் என்று தோன்றியது. நாலாவது வாரம் கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்துகொண்டே போன மாதிரி இருந்தது. அழுத்த அழுத்த விரல் வலித்தது. என் விரல்தான் பலவீனம் என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினேன். ஒரு நாள் துடைக்கும்போது பார்த்தால் பிரிட்ஜின் பின்பக்கத்துக்கும் பலகைக்கும் நடுவில் முடி அளவு கோடு தெரிகிறது. மளிகை பில் காகிதத்தை மடித்து நுழைத்துப் பார்த்தேன், கால் அங்குலம் உள்ளே போனது. பழைய பசை, திருச்சி வெயில், இரண்டு தடவை பூட்டிய காரில் கிடந்தது எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனால் கடைசியில் தள்ளிவிட்டது அந்தக் கூடுதல் இழுப்புதான் என்று ரிப்பேர் பார்த்தவர் சொன்னார். பிரிட்ஜைக் கழற்றி ஒட்ட 4,200 ரூபாய், சென்னைக்கு அனுப்பித் திரும்ப வாங்க 900 ரூபாய், ஐந்து வாரக் காத்திருப்பு.

இதில் என்னை இன்னும் உறுத்துவது, இந்தச் செலவுக்குத் தேவையே இல்லை என்பதுதான். ஓப்பன் ஈ-யும் ஓப்பன் டி-யும் ஒரே அமைப்பு, ஒரே விரல் வடிவங்கள். டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இரண்டு கம்பி அப்படியே இருக்கும், நாலு கம்பி இறங்கும், ஒன்றுகூட ஏறாது. ஈ-யின் உயரம்தான் வேண்டும் என்றால் 2ஆவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் முடிந்தது. ஓப்பன் ஏ-க்கும் இதே கதை. அதற்கு மூன்று கம்பியை ஏற்ற வேண்டும், ஆனால் ஓப்பன் ஜி-யில் வைத்துக் கேப்போ போட்டால் அதே சுரங்கள். எலெக்ட்ரிக்கில் மெல்லிய கம்பியோடு ஏற்றி வைப்பது வேறு, அங்கே பெரும்பாலும் தாங்கும். அக்குஸ்டிக்கில் இறக்குகிற ட்யூனிங்கை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே ஏற்றி வாசிக்கிறவர்கள் இன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்துப் பிரிட்ஜுக்குப் பின்னால் நுழைகிறதா என்று பாருங்கள்.

சரி, அக்குஸ்டிக் சென்னையில் கிடக்கிறது, கை பரபரக்கிறது. 2023 ஜனவரியில் ஒரு எலெக்ட்ரிக் வாங்கினேன், 24,000 ரூபாய். பார்க்க அழகு, மிதக்கும் பிரிட்ஜ். அதாவது பிரிட்ஜ் உடம்போடு இறுக்கப்படாமல், முன்னால் கம்பிகளின் இழுப்பும் பின்னால் ஸ்பிரிங்குகளின் இழுப்பும் சமமாக இருக்கிற இடத்தில் நிற்கும். ஓப்பன் ஜி-க்காக 6ஆவது கம்பியை டி-க்கு இறக்கினேன். கம்பிப் பக்கம் இழுப்புக் குறைந்ததும் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்தது, மற்ற ஐந்து கம்பியும் ஏறிவிட்டன. 5ஆவதைச் சரி செய்தால் 6ஆவது மாறுகிறது. 1ஆவதைச் சரி செய்தால் எல்லாமே மாறுகிறது. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆனது, முடிக்கும்போது வாசிக்கிற ஆசையே போய்விட்டது. ட்யூனிங் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதே பாடு. மூன்று தடவை செட்டப் (கம்பி உயரம், பிரிட்ஜ் எல்லாம் சரிபார்ப்பது) செய்யக் கொடுத்தேன், தடவைக்கு 1,500 ரூபாய். ஒவ்வொரு தடவையும் வழக்கமான ட்யூனிங்கில் அருமையாகத் திரும்பி வரும், நான் ஓப்பன் ஜி-யில் வைத்ததும் பிரிட்ஜ் உட்கார்ந்துவிடும். எந்த ட்யூனிங்கில் வாசிக்கப் போகிறேன் என்று செட்டப் செய்கிறவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. எந்தக் கம்பி, எந்தச் சுருதி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிட்டாரோடு கொடுத்திருந்தால் போதும். அந்த ஜூனில் 15,000-க்கு விற்றேன். ஒன்பதாயிரம் நஷ்டம்.

இந்த மாதிரி கிட்டார் ஏற்கெனவே வைத்திருந்தால் விற்க வேண்டியதில்லை. பின்பக்க மூடியைத் திறந்து, பிரிட்ஜின் கனத்த கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் அளவாக ஒரு மரத்துண்டைச் செருகி பிரிட்ஜை அசையாமல் நிறுத்திவிடலாம். இது விற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அசையாத பிரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள். நான் அப்புறம் வாங்கியது பழைய கிட்டார்தான், வேலைப்பாடு ஒன்றும் கிடையாது, ஆனால் ட்யூனிங் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

கம்பி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓப்பன் ஜி-யில் 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகள் ஒரு முழுச்சுரம் இறங்கும், அதாவது இழுப்பு சுமார் 21 சதவீதம் குறையும். நான் போட்டிருந்தது 9-42. இறக்கியதும் கம்பி தொளதொளவென்று ஆகி, கொஞ்சம் பலமாக அழுத்தினாலே சுருதி ஏறியது. பழைய பார் கார்டு (விரலைக் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பது) பழக்கத்தில் நான் எப்போதும் பலமாகத்தான் அழுத்துவேன். கார்டு புளித்துப் போன மாதிரி ஒலிக்கும், காரணம் புரியாமல் கம்பி செட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்பது செட், ஒன்று 600 வீதம் 5,400 ரூபாய். கடைசியில் 11-இல் தொடங்குகிற செட் போட்டதும் இறுக்கம் சரியாக நின்றது. கனம் மாற்றினால் நட்டின் (கழுத்தின் தலைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளத்தில் கம்பி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ட்யூன் செய்யும்போது டிக் டிக் என்று சிக்கிச் சிக்கி நகரும். பென்சிலைக் கூர் சீவி அந்தப் பள்ளத்தில் நாலு தடவை தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி எனக்கு அதிக நாள் வீணான இடத்துக்கு வருகிறேன். 2023 ஜூனில் 7,000 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். முந்நூறுக்கு மேல் கார்டு வடிவங்களின் படங்கள் கொடுத்தார்கள், ஓப்பன் ஜி-க்கு நூறு, ஓப்பன் டி-க்கு நூறு என்று. நாலு மாதம், தினமும் ஆபீஸ் முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம், திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு பாட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரியவில்லை. ஏனென்றால் எந்தக் கம்பியில் என்ன சுரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. விரல் இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும்.

முந்நூறில் நான் இன்றைக்குப் பயன்படுத்துவது பத்துகூட இல்லை. ஓப்பன் ஜி-யில் ராக் ரிதத்தின் உயிர் இரண்டே விரல்களில் இருக்கிறது. 5ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வையுங்கள், சி மேஜர். அதை எடுக்காமலே நடுவிரலை 2ஆவது கம்பியில் 6ஆவது ஃப்ரெட்டிலும், மோதிர விரலை 4ஆவது கம்பியில் 7ஆவது ஃப்ரெட்டிலும் வையுங்கள். ஈ இருந்த இடத்தில் எஃப், ஜி இருந்த இடத்தில் ஏ. கீழே சி இருந்தபடியே நிற்க, மேலே எஃப் மேஜர் வந்துவிட்டது. விரலை எடுத்தால் மறுபடி சி. இப்படித் தட்டி வைத்து எடுப்பதுதான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் வாசிப்பில் நாம் கேட்கிற அந்தத் துள்ளல். சுண்டு விரலுக்கு இதில் வேலையே கிடையாது. ஜி-யில் உள்ள பாட்டுக்கு விரல் வைக்காமல் ஒன்று, 5ஆவது ஃப்ரெட்டில் ஒன்று, 7ஆவதில் ஒன்று என்று மூன்று இடம் போதும், மூன்று இடத்திலும் இதே தட்டல்.

சோகச் சாயல் கொண்ட மைனர் கார்டுதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம். கம்பிகளே மேஜராக இருக்கும்போது மைனருக்கு எங்கே போவது? நான் இரண்டு மாதம் இதில் முட்டி நின்றேன். விடை பக்கத்திலேயே இருந்தது. விரல் வைக்காத ஓப்பன் ஜி-யில் 4ஆவது கம்பியிலும் 1ஆவது கம்பியிலும் 2ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் இரண்டு டி-யும் ஈ ஆகிவிடும். 4ஆவதிலிருந்து ஈ, ஜி, பி, ஈ. அதுதான் ஈ மைனர். 6ஆவது கம்பியை மீட்டாமல், 5ஆவதை ஒலிக்காதபடி விரல் நுனியால் தொட்டு நிறுத்திவிடுங்கள். இதையே 5ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து, 4ஆவதிலும் 1ஆவதிலும் 7ஆவது ஃப்ரெட்டைப் பிடித்தால் ஏ மைனர். மொத்தமாக எங்கே நகர்த்தினாலும் மைனர்தான். நான் இதை நடுவிரலும் மோதிர விரலும் வைத்துப் பிடிக்கிறேன், கை முதலில் கோணும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஒவ்வொரு கம்பியும் கார்டில் என்ன சுரம் என்று காகிதத்தில் நானே எழுதிப் பார்த்த அன்றுதான் இது கிடைத்தது. வகுப்பின் படங்களில் இதே வடிவம் 40-க்கு மேல் ஏதோ ஒரு எண்ணில் இருந்தது, நான் அதை மனப்பாடமும் செய்திருந்தேன். அது ஏன் மைனர் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

2023 டிசம்பரில் சென்னையில் பழைய மாணவர் கூடுகை ஒன்று. எங்கள் பழைய குழு நாலு பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. நான் இரண்டை வழக்கமான ட்யூனிங்கிலும் இரண்டை ஓப்பன் ஜி-யிலும் ஒரே கிட்டாரில் வாசிப்பதாகத் திட்டம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் மேடையில் நின்று மூன்று கம்பிகளை இறக்க ஆரம்பித்தேன். விளக்கு முகத்தில் அடிக்கிறது, கூட்டம் பேசுகிறது, டிரம்ஸ் வாசிக்கிறவன் சும்மா தட்டிக்கொண்டிருக்கிறான். சுருதி காட்டும் ட்யூனரில் பச்சை வந்ததும் நிறுத்திவிட்டேன். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் நட்டுக்கும் சுருதிச் சாவிக்கும் இடையில் கம்பி தொய்ந்து நிற்கும், நாலு தடவை பலமாக மீட்டினால் அந்தத் தொய்வு இந்தப் பக்கம் வந்து சுருதி இறங்கிவிடும். வேண்டிய சுரத்துக்கும் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் கம்பியை ஒரு தடவை இழுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவது பாட்டின் பாதியில் 5ஆவது கம்பி கால் சுரம் கீழே கிடந்தது.

அது மட்டுமில்லை. வீட்டில் சின்ன ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கணீரென்று ஒலித்த கார்டுகள் அங்கே பெரிய ஆம்பில், டிஸ்டார்ஷனோடு (ராக்கின் அந்தக் கரகரத்த சத்தம்), ஒரே சேறாகக் கேட்டன. ஆறாவது கம்பி எல்லாவற்றுக்கும் அடியில் உறுமிக்கொண்டே இருந்தது. பாடுகிற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாலாவது பாட்டை வாசிக்கவில்லை, கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ராத்திரி பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும்வரை தூங்கவில்லை. விரல் போனபோதுகூட இவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. இனி வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

பொங்கலுக்கு ஸ்ரீரங்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா நாற்பது வருடமாக வீணை வாசிக்கிறார். கிட்டாரை ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை, வீட்டில் தனியாக விட மனசு வரவில்லை. மத்தியானம் சின்ன ஆம்பில் டிஸ்டார்ஷன் போட்டு, ஓப்பன் ஜி-யை ஒரு தடவை மீட்டினேன். பெரியம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்னடி, எல்லாம் சேர்ந்து நிக்குது, ஒண்ணு மட்டும் ஒட்டாம தனியா ஆடுதே?”

“ட்யூனர்ல எல்லாம் பச்சைதான் பெரியம்மா.”

“அது கிடக்கட்டும். உன் காது என்ன சொல்லுது? ஒவ்வொண்ணா மீட்டு.”

மீட்டினேன். அவர் கீழ்க்கம்பியிலிருந்து “ப, ச, ப, ச” என்று பாடிக்கொண்டே வந்து 2ஆவது கம்பியில் நின்றார். “காந்தாரம். இதுதான் ஏறி நிக்குது.” அப்புறம் உள்ளே போய்த் தம்புராவை எடுத்து வந்து மீட்டினார். “சட்ஜத்தை மட்டும் கேளு. அதுக்குள்ளயே காந்தாரம் இருக்கு.” முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பிறகு, யாரும் மீட்டாத ஒரு சுரம் மேலே மெல்லிசாக மிதப்பது கேட்டது. கேட்ட பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சத்தம் நிற்கும்போதே பெரியம்மா என் கிட்டாரின் 2ஆவது சாவியை முடி அளவுக்கு இறக்கினார். நான் மறுபடி மீட்டினேன். ஆம்பில் இருந்த நடுக்கம் நின்று, கார்டு ஒரே துண்டாக வந்து விழுந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்து வைக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் வருகிற அந்தர காந்தாரம் (மேஜர் கார்டின் நடுச் சுரம்), தம்புராவுக்குள் இயற்கையாகக் கேட்பதைவிடச் சுமார் 14 சென்ட் உயரம். ஒரு அரைச்சுரத்தில் 100 சென்ட் என்றால் அதில் ஏழில் ஒரு பங்கு. சாதாரணச் சத்தத்தில் இது பெரிதாகத் தெரியாது. டிஸ்டார்ஷன் போட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சத்தங்களை உண்டாக்கும், அப்போது இந்தச் சின்ன வித்தியாசமே கரகரப்பாக வந்து நிற்கும். ராக்கில் காந்தாரமே இல்லாத பவர் கார்டுகளை இவ்வளவு பேர் வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழக்கமான ட்யூனிங்கில் காந்தாரம் ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு கம்பிக்குப் போகும், அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஓப்பன் ஜி-யில் விரலைக் குறுக்கே வைக்கிற ஒவ்வொரு கார்டிலும் காந்தாரம் 2ஆவது கம்பியில்தான். அதை மட்டும் இறக்கி வைத்தால் எல்லாம் இனிக்கும். ஓப்பன் டி-யில் இதே வேலை 3ஆவது கம்பிக்கு.

ஆனால் முழு 14 சென்ட் இறக்காதீர்கள், அந்த உற்சாகத்தில் நான் செய்த கடைசித் தவறு அது. மேலே சொன்ன எஃப் தட்டலில் அதே 2ஆவது கம்பிதான் எஃப்-ஐத் தாங்குகிறது, அதாவது அந்தக் கார்டின் சட்ஜமே அங்கேதான். காந்தாரத்துக்காக முழுக்க இறக்கினால் எஃப் தொங்கிவிடும். ஆறிலிருந்து எட்டு சென்ட் வரை இறக்கி, தட்டும்போது நடுவிரலை இம்மியளவு அதிகமாக அழுத்தினால் இரண்டும் நன்றாக நிற்கிறது. பெரியம்மாவிடம் சொன்னேன். வீணைக்கு மேளம் கட்டும்போது மெழுகு மேல் மெட்டுகளை இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நகர்த்துவார்கள், வாசிக்கும்போது மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும் என்றார், அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சேறு மாதிரி கேட்டதற்கு மற்றக் காரணம் ஆறாவது கம்பி. ப ச ப ச க ப என்று பெரியம்மா பாடியபோதுதான் கவனித்தேன், எல்லாவற்றுக்கும் கீழே சட்ஜம் இல்லை, பஞ்சமம் இருக்கிறது. எந்த ஃப்ரெட்டில் வைத்தாலும் கார்டின் அடியில் அதன் பஞ்சமம் உறுமும், பேஸ் கிட்டாரோடு மோதும். கீத் ரிச்சர்ட்ஸ் அந்தக் கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியில் வாசிக்கிறார் என்று படித்திருந்தேன், அது அவருடைய ஸ்டைல் என்று மட்டும் நினைத்திருந்தேன். கழற்றிப் பார்த்தேன். ச ப ச க ப. அடியில் சட்ஜம், வலது கை எவ்வளவு வேகமாக இறங்கினாலும் தப்பான கம்பியில் விழ வாய்ப்பே இல்லை. செலவு பூஜ்யம்.

கூடவே கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை)ப் பாதிக்கும் கீழே இறக்கினேன். ஓப்பன் ட்யூனிங்கில் நீங்கள் மீட்டாத கம்பியும் தானாக அதிரும், கெயின் அதிகமானால் அதுவும் சேர்ந்து கத்தும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் லேசாக வைத்துக்கொண்டே வாசிப்பதும், கார்டு மாற்றும் இடைவெளியில் இடது விரல்களைத் தூக்காமல் தளர்த்தி மட்டும் சத்தத்தை நிறுத்துவதும் தனியாகப் பழக வேண்டிய விஷயம். நான் அதற்கு ஒரு மாதம் எடுத்தேன், தினம் இருபது நிமிடம், ஒரே கார்டு, அடித்து நிறுத்தி, அடித்து நிறுத்தி. முந்நூறு வடிவங்களுக்குப் போன நாலு மாதத்தில் இதைச் செய்திருந்தால் டிசம்பர் மேடை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்ளும்.

மேடைக்கு இப்போது இரண்டு கிட்டார் கொண்டுபோகிறேன், ஒன்று ஓப்பன் ஜி-யிலேயே இருக்கும், அதை மாற்றுவதே இல்லை. இரண்டாவது கிட்டார் வாங்க வசதி இல்லையென்றால் நண்பரிடம் இரவல் கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் ஓப்பன் ட்யூனிங் பாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கடைசியில் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு அட்டையில் கம்பிகளின் கனம், சுருதி, 2ஆவது கம்பி எத்தனை சென்ட் கீழே என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பிரிட்ஜ் ஒட்டி வந்த அக்குஸ்டிக் ஓப்பன் டி-யில், கேப்போவோடு, பெரியம்மா வீட்டில் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் அதே குழுவோடு மறுபடி வாசித்தோம், சின்ன ஹால், நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். இரண்டாவது பாட்டு முடிந்து கிட்டாரை மாற்றப் பத்து விநாடி ஆனது. 5ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், சி. நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து இறங்க, எஃப். சுண்டு விரல் பாதி மடங்கியபடி கம்பிகளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.